காவல் இருந்தும் போன பறவைகள்

அன்புள்ள ஐயா,

பனாமாவின் பாரோ கொலராடோ தீவு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நூறு வருடமாக வேட்டை இல்லை, மரம் வெட்டுவதில்லை என்கிறீர்கள். அடுத்த பத்தியிலேயே அங்கே பல பறவை இனங்கள் அற்றுப்போய்விட்டன என்கிறீர்கள். யாரும் கைவைக்காத காட்டில் பறவை எப்படி இல்லாமல் போகும்? அப்படியென்றால் காவல் போட்டு என்ன பயன்?

ம.

அன்புள்ள ம.,

பாரோ கொலராடோ பிறவியிலேயே தீவு கிடையாது, அது ஒரு குன்று. பனாமா கால்வாய்க்காக சாக்ரஸ் ஆற்றை கதூன் என்ற இடத்தில் அணைகட்டி மறித்தார்கள். 1913 வாக்கில் ஏரி நிரம்பியபோது சுற்றியிருந்த பள்ளத்தாக்குகள் முழுகிப்போய், குன்றின் மேல்பாகம் சுமார் 1,500 ஹெக்டேர் மட்டும் மிஞ்சியது. அதைக் காப்பிடமாக அறிவித்தது 1923-இல். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் ஆய்வு நிறுவனத்தின் பொறுப்புக்கு வந்தது 1946-இல். ஆக, காவல் வருவதற்குப் பத்து வருடம் முன்பே காடு துண்டாகிவிட்டது. துப்பாக்கியையும் கோடரியையும் கரையிலேயே நிறுத்தலாம். தண்ணீரை என்ன செய்வது?

ஒசலேட்டட் ஆன்ட்பேர்ட் (எறும்புப் பறவை) என்ற ஒரு பறவையை மட்டும் பார்ப்போம். படையெறும்புகள் வேட்டைக்குக் கிளம்பினால் பல மீட்டர் அகலத்துக்குக் காட்டுத்தரை கறுத்து நகரும். சருகுக்கடியில் பதுங்கியிருந்த கரப்பான், வெட்டுக்கிளி, சிலந்தி எல்லாம் உயிர் தப்பப் பாயும். ஒரு முழம் இரண்டு முழ உயரத்தில் செடித்தண்டைப் பற்றியபடி காத்திருக்கும் இந்தப் பறவை, பாய்வதைக் கொத்திக்கொள்ளும். கண்ணைச் சுற்றி பளிச்சென்று நீலத் தோல், முதுகெல்லாம் செதில் செதிலாகக் கோலம். பெயரைப் பார்த்து எறும்பைத் தின்னும் பறவை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, எறும்புக்குப் பயந்து ஓடுவதுதான் அதன் சாப்பாடு.

சங்கடம் என்னவென்றால், எறும்புக் கூட்டம் எப்போதும் ஒரே மாதிரி படையெடுப்பதில்லை. சில வாரம் இடம் மாறி மாறி அலையும்; அப்புறம் சில வாரம் ஓரிடத்தில் தங்கிவிடும், வேட்டை குறைந்துவிடும். ஒரே கூட்டத்தை நம்பினால் பறவை பட்டினிதான். பல கூட்டங்கள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துவைத்து, காலையில் போய்ப் பார்த்து வரவேண்டும். அதற்குப் பரந்த காடு வேண்டும். எட்வின் வில்லிஸ் என்ற பறவையியலாளர் 1960-களில் இவற்றின் காலில் வண்ண வளையம் மாட்டித் தொடர்ந்து கவனித்தார். எண்ணிக்கை அவர் கண்ணெதிரே குறைந்துகொண்டே போனது. இன்று தீவில் இந்த இனம் இல்லை.

பக்கத்தில்தானே கரை, பறந்து வரலாமே என்பீர்கள். அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். காட்டுக்குள் வாழும் பறவைகளைப் படகில் கொண்டுபோய் ஏரியின் நடுவே விட்டார்கள்; முடிவு 2008-இல் வெளியானது. சில இனங்கள் சுலபமாகக் கரை சேர்ந்தன. சிலவற்றால் நூறு மீட்டர்கூடத் தாண்ட முடியவில்லை, தண்ணீரில் விழுந்தன. நிழலில் கிளைக்குக் கிளை தாவியே பழகிய சிறகு அது.

மற்றக் காரணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பறவைக் கூடுகள் எவ்வளவு சூறையாடப்படுகின்றன என்று சோதிக்க, தீவிலும் கரையிலுள்ள காட்டிலும் செயற்கைக் கூடுகளை வைத்தபோது தீவில்தான் அதிகம் சூறையானது. அப்புறம், முழுகியவை தாழ்வான ஈரப் பகுதிகள். டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை நீளும் வறண்ட பருவத்தில் ஒதுங்கப் போதுமான ஈர ஓடைகள் குன்றின் மேல் இல்லை. என் கணிப்பில், பேசப்படுவதைவிட இது பெரிய காரணம்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். காவல் இல்லாவிட்டால் இதெல்லாம் நமக்குத் தெரிந்தே இருக்காது. 1980-களின் தொடக்கத்தில் ஹப்பெல், ஃபாஸ்டர் என்ற இரண்டு சூழலியலாளர்கள் தீவின் 50 ஹெக்டேரில் ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேலுள்ள ஒவ்வொரு மரத்தையும் செடியையும் எண் போட்டுக் கணக்கெடுத்தார்கள். சில வருடத்துக்கு ஒருமுறை இன்னும் எண்ணுகிறார்கள். மரம் எப்போது பிறந்தது, எப்போது செத்தது என்று ஒரு காட்டுக்கே பேரேடு இருக்கிறது.

எனக்குப் பிடித்தது அகூட்டியின் கதை. முயல் அளவு கொறிக்கும் பிராணி, வால் இருக்கும் இடமே தெரியாது. பனையினத்து விதையைப் பிறகு தின்ன மண்ணில் புதைக்கும். இன்னொரு அகூட்டி திருடி வேறிடத்தில் புதைக்கும். விதைகளில் ரேடியோ கருவி கட்டிப் பார்த்தபோது ஒரு விதை 36 முறை புதைக்கப்பட்டு, பிறந்த இடத்திலிருந்து 280 மீட்டர் தள்ளிப் போயிருந்தது. கடைசியில் ஒரு அகூட்டியே அதைத் தின்றுவிட்டது, அது வேறு விஷயம். இந்தப் பெரிய விதைகளை ஒரு காலத்தில் சுமந்தவை, அழிந்துபோன யானை போன்ற பெருவிலங்குகளாக இருக்கலாம் என்கிறார்கள். அந்த வேலையை இப்போது திருட்டு நடத்துகிறது.

தீவு மட்டும் போதாது என்பதும் புரிந்துகொள்ளப்பட்டது. 1970-களின் இறுதியில் சுற்றியுள்ள ஐந்து தீபகற்பங்களையும் சேர்த்து, காப்பிடம் மொத்தம் 5,000 ஹெக்டேரைத் தாண்டியது. அந்த நீலக் கண்ணுப் பறவையைப் பார்க்க ஆசையென்றால் தீவுக்குப் படகு ஏற வேண்டாம். ஏரிக்கரையில் இருக்கும் சோபரானியா தேசியப் பூங்காவின் பைப்லைன் சாலைக்குப் போங்கள். படையெறும்பு கிளம்பியிருந்தால் அங்கே அது கிடைக்கும்.