டிரஸ்ட் பத்திரத்தில் யார் யாராக இருக்க வேண்டும்?

கேள்வி: மும்பை செம்பூரில் வசிக்கும் நான் ஓய்வு பெற்றவன். ஆட்டிசம் உள்ள 26 வயது மகளுக்காக, எங்கள் ஃப்ளாட்டையும் வங்கி வைப்புத்தொகையையும் ஒரு டிரஸ்டில் வைக்க விரும்புகிறேன். சாரிட்டி கமிஷனர் அலுவலகத்தில் பதிவு செய்து, தானே மேனேஜிங் டிரஸ்டியாகவும் இருப்பதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். செட்லர், டிரஸ்டி, பயனாளி என்பவர்கள் யார்? அவர் அனுப்பிய வரைவை இணைத்துள்ளேன்.

பதில்: சொத்தைக் கொடுப்பவர் செட்லர்; அதைத் தம் பெயரில் வைத்துப் பராமரிப்பவர் டிரஸ்டி; அதன் பலனை அனுபவிப்பவர் பயனாளி. உங்கள் விஷயத்தில் நீங்கள் செட்லர், மகள் பயனாளி. கவலைப்பட வேண்டியது டிரஸ்டி யார் என்பதைப் பற்றித்தான், ஏனென்றால் நாளை காசோலையில் கையெழுத்திடப் போகிறவர் அவர். தன் சொத்தைப் போலக் கவனமாகப் பார்த்துக்கொள்ளவும், கணக்குக் காட்டவும் 1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம் அவரைக் கட்டாயப்படுத்துகிறது. பத்திரத்தில் எழுதியிருந்தாலொழிய அவர் சம்பளம் கேட்க முடியாது.

வரைவின் ஆறாம் பக்கத்தைப் பாருங்கள். மேனேஜிங் டிரஸ்டி ஆயுள் முழுவதும் பதவியில் இருப்பார், தனித்தே கையெழுத்திட்டுச் சொத்தை விற்கலாம், கட்டணமும் எடுத்துக்கொள்ளலாம் என்று மூன்று வரிகள் இருக்கின்றன. பத்திரத்தில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் டிரஸ்டிகள் அனைவரும் சேர்ந்தே செயல்பட வேண்டும் என்பதே சட்டம் தரும் பாதுகாப்பு. அந்த மனிதர் அதைத்தான் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார். மூவரை நியமித்து, இருவர் கையெழுத்து போதும் என்று எழுதுங்கள். பொறுப்பை ஏற்ற டிரஸ்டி நினைத்தபோது விலகிவிட முடியாது என்பதால், விலகும் வழியையும் அடுத்தவர் வரும் வழியையும் பத்திரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

சாரிட்டி கமிஷனர் பேச்சு இதைவிட மோசமானது. அந்த அலுவலகம் இயங்குவது 1950ஆம் ஆண்டின் மகாராஷ்டிரா சட்டப்படி; அது பொதுமக்கள் நலனுக்கான பொது டிரஸ்டுகளுக்கானது. ஒரு மகளுக்காக ஏற்படுத்தும் குடும்ப டிரஸ்டுக்கு அங்கே வேலையில்லை. அங்கே பதிவு செய்ய வேண்டுமென்றால் பத்திரத்தில் பொதுநோக்கம் எழுத வேண்டும். எழுதினால் பயனாளி உங்கள் மகள் அல்ல, பொதுமக்கள். அப்புறம் ஃப்ளாட்டை விற்பதற்கும் கமிஷனரின் முன்அனுமதி வேண்டும். தமிழில் எல்லாவற்றையும் அறக்கட்டளை என்றே சொல்லிவிடுவதும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். வங்கிகளும் ஒன்றும் சளைத்தவை அல்ல: குடும்ப டிரஸ்டுக்குக் கணக்குத் தொடங்கப் போன என்னிடம், அந்த அலுவலகச் சான்றிதழைக் கேட்டு ஒரு கிளையில் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். நான்காம் முறை சட்டப் புத்தகத்தையே எடுத்துக்கொண்டு போனேன்.

செட்லரே டிரஸ்டியாகவும் இருக்கலாமா என்றால், இருக்கலாம். பொதுவாகச் சொத்து டிரஸ்டியின் கைக்கு மாறினால்தான் டிரஸ்ட் உருவாகும். கொடுப்பவரும் வைத்திருப்பவரும் ஒருவரே என்றால் அந்தக் கைமாற்றம் தேவையில்லை என்று சட்டம் விலக்கு அளிக்கிறது. ஆனால் அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். ஃப்ளாட் அசையாச் சொத்து என்பதால், நீங்களே டிரஸ்டியானாலும் பத்திரத்தைச் சப்-ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். ஃப்ளாட்டும் வைப்புத்தொகையும் பத்திரத்தின் அட்டவணையில் விவரமாக இடம்பெற வேண்டும். உங்கள் வரைவின் அட்டவணையில் இருப்பது ஆயிரம் ரூபாய் ரொக்கம் மட்டுமே. இதில் கையெழுத்திட்டால் உங்கள் மகளின் டிரஸ்டில் அந்த ஆயிரம் ரூபாய்தான் இருக்கும். அதோடு, உங்களுக்குப் பிறகு வரும் டிரஸ்டி வங்கியிலும் ஹவுசிங் சொசைட்டியிலும் அலையாமல் இருக்க, வைப்புத்தொகையை டிரஸ்ட் கணக்குக்கு மாற்றி, சொசைட்டிக்கும் இப்போதே எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள்.

இன்னொன்று, டிரஸ்டி வேறு, சட்டப்படியான காப்பாளர் வேறு. மகளுக்கு வேண்டிய முடிவுகளை எடுக்கும் காப்பாளரை, 1999ஆம் ஆண்டின் நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி மாவட்ட அளவில் இயங்கும் குழுதான் நியமிக்கும். அதற்கு நீங்கள் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பெயரில் டிரஸ்ட் இருப்பதால் இரண்டும் ஒன்றென்று நினைத்துவிட வேண்டாம்.

ஃப்ளாட்டின் மூலப் பத்திரத்தையோ சொசைட்டி பங்குச் சான்றிதழையோ அந்த ஏஜென்டிடம் கொடுத்திருந்தால், வேறு எதுவும் செய்வதற்கு முன் அவற்றைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.