மடிநோய் வந்த மாட்டின் பாலைக் காய்ச்சினால் போதுமா?

பினாங்கில், பட்டர்வொர்த் பக்கம் பால்காரரிடம் பால் வாங்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: மடி வீங்கிய மாட்டின் பாலை நன்றாகக் காய்ச்சிக் குடிக்கலாம்தானே?

கூடாதுங்க. காய்ச்சினால் கிருமி சாகும், ஆனால் அது ஏற்கெனவே கக்கிவைத்த நஞ்சு எல்லாம் அழியாது. மடிநோயை உண்டாக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியில் சில வகைகள் குடலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கும். அது கொதிக்கும் பாலிலும் தாக்குப்பிடிக்கும். குடித்த சில மணி நேரத்திலேயே வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். நம்ம ஊர் வெயிலில் பால் குளிரூட்டாமல் மோட்டாரில் சுற்றினால் இந்தக் கிருமிக்குக் கொண்டாட்டம்தான். கறந்ததும் 4 டிகிரிக்குக் குளிரவைக்க வேண்டும்.

மடிநோயை உண்டாக்கும் இன்னொரு கிருமியான ஈகோலை விஷயம் வேறு. அதன் நஞ்சு கிருமியின் வெளிச்சுவரிலேயே இருக்கிறது. கிருமி சாகச் சாக வெளியேறும். அதற்கு மாட்டின் உடல் காட்டும் கடும் எதிர்ப்பே மாட்டைச் சாய்த்துவிடும். காய்ச்சல் அடிக்கும், பால் தண்ணீராய் வரும், மாடு தீனி எடுக்காது, அப்புறம் எழுந்திருக்கவே முடியாது. ஒரே நாளில்கூட இவ்வளவும் நடக்கலாம். அதனால்தான் ஆன்டிபயாடிக் மட்டும் போதாது என்கிறேன். வீக்கம் தணிக்கும் ஊசி, நீர்ச்சத்து எல்லாம் தேவைப்படும். கால்நடை மருத்துவரை அன்றைக்கே கூப்பிடச் சொல்லுங்கள்.

மருந்து போட்ட மாட்டின் பாலை, மருத்துவர் சொன்ன நாள் கழியும்வரை விற்கவும் கூடாது.