பக் சரிசெய்யத் தெரியும், முழு அப்ளிகேஷன் உருவாக்க வரவில்லையா?

கேள்வி: ஐந்து ஆண்டுகளாக ஜாவா புரோகிராமராக இருக்கிறேன். கொடுக்கும் டிக்கெட்டை, அதாவது ஒரு பிழையோ சிறு மாற்றமோ பற்றிய வேலைக் குறிப்பை, முடித்துவிடுவேன். ஆனால் ஓர் அப்ளிகேஷனை நானே முதலிலிருந்து உருவாக்கி முடித்ததில்லை. வீடியோ பாடங்கள் பார்த்துத் தொடங்கினாலும் பாதியில் நின்றுவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: கோடிங்கில் உங்களுக்குக் குறை இருப்பதாகத் தெரியவில்லை. நீங்கள் வேலைக்குச் சேரும் முன்பே டேட்டாபேஸின் டேபிள்களை யாரோ வடிவமைத்திருப்பார்கள். சர்வர், பேக்கப் எல்லாம் வேறு டீம் பார்த்துக்கொள்ளும். உங்களுக்குப் பழக்கமில்லாதது அந்தப் பகுதிதான். வீடியோ பாடங்களும் பெரும்பாலும் லேப்டாப்பில் ஓடுவதோடு முடிந்துவிடுகின்றன.

ஆகவே எல்லோரும் கடைசியில் செய்வதை நீங்கள் முதலில் செய்யுங்கள். ஒரு படிவம், ஒரு டேபிள், அவ்வளவுதான். அதைச் சிறிய சர்வர் ஒன்றில் ஏற்றி, லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இணைப்பைப் பாதுகாக்கத் தரும் இலவசச் சான்றிதழோடு வெளியிலிருந்து திறக்கும்படி செய்யுங்கள். தெரிந்த ஜாவாவிலேயே எழுதுங்கள். டேட்டாபேஸுக்கு, தரவை ஒரே ஃபைலில் வைக்கும் எஸ்க்யூலைட் போதும். அப்ளிகேஷனைப் பல சிறு சேவைகளாகப் பிரிக்கும் மைக்ரோசர்வீஸ் பேச்சே இப்போது வேண்டாம்.

சரி, எதை உருவாக்குவது? உங்களோடு இன்னும் இரண்டு மூன்று பேராவது உண்மையிலேயே பயன்படுத்துவதாக இருக்கட்டும். நண்பர்களுக்குள் புத்தகம் இரவல் கொடுக்கும் கணக்கை எடுத்துக்கொள்வோம். புத்தக டேபிளிலேயே 'யாரிடம் இருக்கிறது' என்று ஒரு ஃபீல்டு வைத்தால் வேலை முடிந்ததுபோலத் தோன்றும். புத்தகம் திரும்பியதும் பெயரை அழித்துவிடுவீர்கள். போன முறை யார் எடுத்தார் என்று ஒருவர் கேட்கும்போதுதான், ஒவ்வோர் இரவலும் கொடுத்த தேதி, திரும்பிய தேதியோடு தனி டேபிளில் ஒரு வரியாக இருந்திருக்க வேண்டும் என்பது உறைக்கும். அதற்குள் அப்ளிகேஷனில் பழைய தரவு சேர்ந்திருக்கும். அதைக் கெடுக்காமல் மாற்றுவதுதான் பாடங்களில் அரிதாகவே கிடைக்கும் பயிற்சி. புது டேபிளைச் சேர்த்து, பழைய தரவை அதில் நகலெடுத்து, கோடைப் புதியதற்கு மாற்றி, எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று பார்த்த பிறகே பழைய ஃபீல்டை நீக்குங்கள். ஒவ்வொரு மாற்றமும் ஸ்கிரிப்டாக, கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) கருவியில் இருக்கட்டும்.

லாகினை மட்டும் சொந்தமாக எழுத முயலாதீர்கள். ஸ்பிரிங் செக்யூரிட்டி என்ற ஜாவா லைப்ரரியில் பாஸ்வேர்டை பிகிரிப்ட் முறையில் ஹேஷ் செய்து, அதாவது திரும்பப் படிக்க முடியாத வடிவுக்கு மாற்றி, சேமிக்கும் வசதி ஏற்கெனவே இருக்கிறது.

அப்புறம் பேக்கப். அப்ளிகேஷன் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் எஸ்க்யூலைட் ஃபைலை அப்படியே காப்பி செய்தால் பிரதி சிதைந்திருக்கக்கூடும். அதற்கென்றே உள்ள பேக்கப் கட்டளையைப் பயன்படுத்துங்கள். எடுத்த பிரதியை வேறொரு கணினியில் ஏற்றி, அப்ளிகேஷன் அதிலிருந்து ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இவ்வளவும் முடிந்ததும், அனுமதி இருந்தால் அப்ளிகேஷனைச் சர்வரில் ஏற்றும் உங்கள் அலுவலகத்தின் டிப்ளாய்மென்ட் ஸ்கிரிப்டைத் திறந்து படியுங்கள். இதுவரை புரியாத வரிகளில் பாதி இப்போது புரியும்.