கேள்வி – பதில்: எந்தக் குமாரசுவாமி, எந்தப் பொன்னம்பலம்?

சேர் முத்துக்குமாரசுவாமி, ஆனந்த குமாரசுவாமி, பொ. குமாரசுவாமி, சுன்னாகம் குமாரசுவாமிப் புலவர், ராதிகா குமாரசுவாமி எல்லாரும் ஒரே குடும்பமா? பிள்ளைகளை வினாடி வினாவுக்கு ஆயத்தப்படுத்துகிறோம்.
– ஆசிரியை ஒருவர், உடுவில்

முதல் மூவரும் ஒரே குடும்பம். மற்ற இருவரையும் பெயர் ஒன்று என்பதற்காக அதில் சேர்த்துவிடாதீர்கள்.

எங்கள் வழக்கத்தில் பரம்பரை முழுவதும் மாறாமல் வரும் பெயர் கிடையாது. தகப்பனின் பெயர் முதலெழுத்தாகிறது, பிள்ளையின் சொந்தப் பெயர் கடைசியில் நிற்கிறது. ஆகவே இரண்டு பேர் உறவா என்று பார்க்க முதலெழுத்தைத்தான் விரிக்க வேண்டும். குமாரசுவாமி என்பது முருகன் பெயர். நல்லூரும் மாவிட்டபுரமும் உள்ள நாட்டில் அந்தப் பெயர் எந்த வீட்டிலும் இருக்கும்.

இனி அந்த மூவர். வேர் ஆ. குமாரசுவாமி முதலியார்; முதலெழுத்து ஆறுமுகநாதபிள்ளை. ஆங்கிலேயர் காலச் சட்டசபையான சட்டநிரூபண சபையில் தமிழருக்கு முதல் பிரதிநிதி இவர், 1836இல் காலமானார். இவருடைய மகன்தான் சேர் முத்துக்குமாரசுவாமி (1834–1879). சைவராக இருந்துகொண்டே இங்கிலாந்தில் பாரிஸ்டரானவர், அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் தந்தவர். 1874இல் சேர் பட்டம் பெற்றார். தமிழில் ஒரே சொல்லாக எழுதும் இவர் பெயரை ஆங்கிலத்தில் முத்து, குமாரசுவாமி என்று இரண்டாக வெட்டிவிட்டார்கள். குழப்பம் தொடங்குவது அந்த இடத்தில்தான். மகன் ஆனந்தவுக்கு (1877–1947) பின்பாதி மட்டும் ஆங்கில முறைக் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. தாயார் எலிசபெத் இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்தவர். ஆனந்தவின் நடுப்பெயர் ‘கென்டிஷ்’ அதனால் வந்தது. 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டு, 1917 முதல் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர் இவரே.

மூன்றாமவர் பொ. குமாரசுவாமி. முதலியாரின் மகள் செல்லாச்சி பொன்னம்பல முதலியாரை மணந்தார். பிள்ளைகள் குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம். மூத்தவருக்குத் தாய்வழிப் பேரனாரின் பெயர். தாத்தாவையும் பேரப்பிள்ளையையும் யாழ்ப்பாணத்தில் ஒரே ‘பேரன்’ என்ற சொல்லால் அழைக்கிறோமே, பெயரைத் தாங்குபவன் பெயரன் என்ற அந்த வழக்கம் இங்கே கண்முன் நிற்கிறது.

வினாடி வினாவில் பிள்ளைகள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சட்டநிரூபண சபைத் தமிழ்ப் பிரதிநிதிகளில் குமாரசுவாமிகள் மூவர்: ஆ., முத்து, பொ. இடையில் வேறு பெயர்களும் வரும். 1879இல் மாமன் முத்துக்குமாரசுவாமி இறக்க, அந்த இடத்துக்கு மருமகன் இராமநாதன் வந்தார்; அதே இடத்தை நாடிய பிறிற்றோவுக்கு எதிராக அவருக்குத் துணைநின்றவர் ஆறுமுக நாவலர். இந்த மாமன்–மருமகன் உறவு இரண்டு பெயர்களில் எங்கேயும் தெரியாது. தாய்வழி உறவை முதலெழுத்து காட்டாது. அதைத் தனியாகக் கேட்டுத்தான் அறிய வேண்டும். ஆனந்த இராமநாதனுக்கு மச்சான் முறை என்று சொன்னால் பலர் வியப்பதும் இதனால்தான்.

குமாரசுவாமிப் புலவர் (1854–1922) அ. என்ற முதலெழுத்துடையவர், அம்பலவாணபிள்ளையின் மகன். ‘தமிழ்ப் புலவர் சரித்திரம்’ இவருடையது. ராதிகா குமாரசுவாமியும் மத்திய வங்கி ஆளுநராக இருந்த இந்திரஜித் குமாரசுவாமியும் சகோதரர். தந்தை ராஜு குமாரசுவாமி.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். 1994 முதல் 2003 வரை பெண்களுக்கெதிரான வன்முறை பற்றிய ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ராதிகா. அதே ஆண்டுகளில் நீதித்துறைச் சுதந்திரம் பற்றிய சிறப்பு அறிக்கையாளர் மலேசியச் சட்டத்தரணி பரம் குமாரசுவாமி. பதவி ஒன்று, ஆண்டு ஒன்று, பெயரும் ஒன்று. ஆங்கில எழுத்துக்கூட்டல் மட்டும் வேறு. ராதிகாவுக்கு ‘சி’க்குப் பின் இரண்டு ‘ஓ’, பரமுக்கு ‘சி’க்குப் பின் ‘யூ’.

ஜி. ஜி. பொன்னம்பலம் சேர் பொன். இராமநாதனின் உறவினரா?
– வாசகர், நெல்லியடி

இராமநாதனின் தந்தை பொன்னம்பல முதலியாரின் வழியில் வந்தவரல்ல ஜி. ஜி. அவர் உங்கள் பக்கத்து அல்வாய்க்காரர், 1901இல் பிறந்தவர், 1944இல் தமிழ்க் காங்கிரசைத் தொடங்கியவர். உண்மையில் அந்த இரண்டு பொன்னம்பலக் குடும்பங்களும் எதிரெதிராக நின்ற தேர்தல் ஒன்று உண்டு. 1947இல் யாழ்ப்பாணத் தொகுதியில் ஜி. ஜி. தோற்கடித்த சேர் அருணாசலம் மகாதேவா, முதலியாரின் மகன் வயிற்றுப் பேரன். பொன்னம்பலம் அருணாசலம், அடுத்தது அருணாசலம் மகாதேவா: தலைமுறைக்குத் தலைமுறை பெயர் ஒரு படி நகர்வதைப் பாருங்கள். இதுதான் எங்கள் பழைய முறை.

ஜி. ஜி. குடும்பத்தில் அது நகரவில்லை. மகன் குமார் பொன்னம்பலத்தின் முழுப் பெயர் காசிநாதர் காங்கேசர் பொன்னம்பலம். தந்தை கணபதிப்பிள்ளை காங்கேசர் பொன்னம்பலம். ஆங்கிலத்தில் இருவருக்கும் முதலெழுத்து ஜி. ஜி. தான். பழைய பத்திரிகையில் அந்தப் பெயரைக் கண்டால் ஆண்டைப் பாருங்கள்: 1977 பெப்ரவரியில் தந்தை காலமானார், 1982 ஜனாதிபதித் தேர்தலில் நின்றவர் மகன், 2000 ஜனவரியில் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டவரும் அவரே. பேரன் கஜேந்திரகுமாரோடு அது மூன்றாம் தலைமுறையாக நிற்கும் குடும்பப் பெயராகிவிட்டது.

புங்குடுதீவு மு. பொன்னம்பலம்?
– வாசகர், வேலணை

அவர் கவிஞர், இவர்களோடு சேராதவர். எழுத்தாளர் மு. தளையசிங்கத்தின் தம்பி. கடைசிப் பெயர் வேறு, ‘மு.’ ஒன்று: அண்ணன் தம்பி.

சனசமூக நிலைய நூலகத்துக்கு ஆசிரியர் அட்டைகள் எழுதுகிறோம். இவர்களை எந்த எழுத்தில் வைப்பது?
– நூலகப் பொறுப்பாளர், சாவகச்சேரி

சொந்தப் பெயரை முன்னால் போட்டு, காற்புள்ளி இட்டு, முதலெழுத்தை எழுதுங்கள்: இராமநாதன், பொ.; அருணாசலம், பொ.; மகாதேவா, அ. இரண்டாம் வரியில் பிறந்த, இறந்த ஆண்டுகளும் ஊரும் கட்டாயம். ஆண்டு இல்லாத அட்டையில்தான் ஒருவரின் நூல் இன்னொருவருக்குப் போய்ச் சேர்கிறது. சேர், முதலியார், புலவர் என்பவை அடைப்புக்குறிக்குள் இறுதியில் வரட்டும். ‘சேர்’ என்று தொடங்கினால் பட்டம் பெற்றவர் எல்லாரும் ‘சே’யில் குவிந்துவிடுவார்கள்.

ஆனந்தவுக்கு மட்டும் விதிவிலக்கு: குமாரசுவாமி, ஆனந்த. உலகெங்கும் அவர் அப்படித்தான் பட்டியலில் இருக்கிறார். ‘ஆனந்த’ என்று தேடி வருபவருக்காக ‘குமாரசுவாமி பார்க்க’ என்று ஒரு சிறிய அட்டையும் வையுங்கள்.

கூடுதல் கவனம் வேண்டியது எழுத்துக்கூட்டலில். குமாரசாமி, குமாரசுவாமி, குமாரஸ்வாமி மூன்றும் ஒரே பெயர், ஆனால் அகரவரிசையில் பக்கத்தில் நில்லா. ‘சா’ முன்னால், ‘சு’ பின்னால். கிரந்த ‘ஸ’வோ ‘ன’வுக்கும் பிறகு. ஆகவே குமாரசூரியரும் குமாரவேலுவும் நடுவில் புகுந்துவிடுவார்கள், ‘ஸ’வில் வைத்த அட்டை கண்ணிலேயே படாது. எல்லாரையும் ‘சு’வில் வைத்து, மற்ற இரண்டு இடத்திலும் ‘பார்க்க’ அட்டை போடுங்கள். ராமநாதன், இராமநாதன் இரண்டுக்கும் இதே கதைதான்.

மகனுக்குக் கனடாவில் பிள்ளை பிறந்திருக்கிறது. எங்கள் முறைப்படி பெயர் வைத்தால் தகப்பனுக்கு ஒரு கடைசிப் பெயர், பிள்ளைக்கு வேறொன்று. எது சரி?
– தாயார் ஒருவர், கொக்குவில்

இரண்டுமே சரிதான், அம்மா. மகாதேவா வழியில் தகப்பனின் பெயரைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம், பொன்னம்பலம் வழியில் ஒரே பெயரை நிறுத்தியும் வைக்கலாம். எதைத் தெரிந்தெடுத்தாலும் பிறப்புப் பதிவு, கடவுச்சீட்டு, பாடசாலைப் பதிவு மூன்றிலும் ஆங்கில எழுத்து ஒன்றுகூட மாறக்கூடாது. பிறகு திருத்துவது பெரும்பாடு. அதோடு ஒரு தாள் எழுதி வையுங்கள்: பிள்ளையின் இரண்டு பேரன்மார், இரண்டு பேத்திமாரின் முழுப் பெயர், அவர்களின் தகப்பன்மார் பெயர், பிறந்த ஊர், ஆண்டு. ஒவ்வொரு பெயரையும் தமிழிலும், பழைய பத்திரங்களில் உள்ளபடி ஆங்கிலத்திலும் எழுதுங்கள். பேத்திமாரின் தகப்பன்மாரை மறந்துவிடாதீர்கள். அந்த வழியைக் காட்டப் பிள்ளையின் பெயரில் எழுத்தே இல்லை.