கேட்டால் சொல்கிறேன்: ஹார்வர்டின் பழைய பைல்கள்

(கல்லூரி அலுவலகத்தில் கோப்புகளோடு குடும்பம் நடத்தி ஓய்வுபெற்றவர் பதில் சொல்கிறார்.)

ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் பெண்களைச் சேர்த்தது 1937இல் என்கிறது ஒரு கட்டுரை. இன்னொன்று 1959 என்கிறது. எம்.பி.ஏ. படிக்கும் என் மகள் 1963தான் என்று அடித்துச் சொல்கிறாள். எது சரி?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

மகளுக்கே மார்க். ஆனால் மற்ற இரண்டும் கட்டுக்கதை இல்லை. 1937இல் தொடங்கியது ராட்கிளிஃப் என்ற பெண்கள் கல்லூரியின் ஓராண்டுப் பயிற்சி. பணியாளர் நிர்வாகம்தான் பாடம். பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர்கள் போய் வகுப்பெடுத்தார்கள், சரி. ஆனால் முடிவில் கையில் கொடுத்தது சான்றிதழ்; பட்டம் இல்லை. அந்தப் பயிற்சிதான் வளர்ந்து, பிறகு ஹார்வர்டு-ராட்கிளிஃப் வணிக நிர்வாகப் படிப்பு ஆனது. 1959இல், அதை முடித்த பெண்கள் எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று வழி விட்டார்கள். நம்மூரில் பாலிடெக்னிக் முடித்தவர்கள் இன்ஜினீயரிங் இரண்டாம் வருடத்தில் சேர்வார்களே, அந்த மாதிரி. முதல் வருடத்திலிருந்தே ஆண்களோடு ஒரே வகுப்பில் பெண்கள் உட்கார்ந்தது 1963இல்தான். எட்டுப் பேர். 1965இல் பட்டம் வாங்கினார்கள்.

விழா மலர் போடுகிறவர்களுக்கு எப்போதும் பழைய தேதிதான் பிடிக்கும். நான் வேலை பார்த்த கல்லூரியிலும் வெள்ளி விழா மலரில் இப்படி ஒரு தேதியை முன்னே இழுத்தார்கள். இந்த மாதிரிச் சந்தேகம் வந்தால் இரண்டு கேள்வி போதும்: பெயர் யாருடைய சேர்க்கைப் பதிவேட்டில் ஏறியது? கடைசியில் கொடுத்த காகிதத்தில் என்ன எழுதியிருந்தது?

அந்த ஸ்கூல் தொடங்கியது 1908 என்கிறார்கள். தனி நிர்வாகம் 1913இல்தான் வந்ததாமே? நடுவில் அது யாருடைய பொறுப்பு?
- ஒரு வாசகர், நாமக்கல்

கலை, அறிவியல் புலத்தின் நிழலில் இருந்தது. 1908 ஏப்ரல் 8 அன்று பல்கலைக்கழக ஆட்சிக்குழு ஒப்புதல் கொடுத்தது. முதல் டீன் எட்வின் கே, பொருளாதார வரலாறு படித்தவர். கணக்கும் கடையும் சொல்லித்தருவது பல்கலைக்கழகத்தின் வேலையா என்ற முணுமுணுப்பு அப்போது நிறையவே உண்டு. அதனால் பரீட்சார்த்தமாகத்தான் ஆரம்பித்தார்கள். 1913இல் தனி நிர்வாக அலகானது. என் மாதிரி ஆட்களுக்கு இது முக்கியமான தேதி. முதல் ஐந்து வருட விவரம் தேடுகிறவர், ஸ்கூலின் பைல்களோடு நிற்காமல் தாய்ப்புலத்தின் பைல்களையும் புரட்ட வேண்டும்.

ஒருவரே ஐம்பது லட்சம் டாலர் கொடுத்து மொத்த வளாகத்தையும் கட்டினார் என்பது உண்மையா?
- ஒரு வாசகர், சிவகாசி

உண்மை. நியூயார்க் வங்கியாளர் ஜார்ஜ் எஃப். பேக்கர். 1924இல், ஸ்கூலுக்காக ஐம்பது லட்சம் திரட்டக் கிளம்பிய பிஷப் வில்லியம் லாரன்ஸ் அவரிடம் போய் பத்து லட்சம் கேட்டார். பத்து லட்சம் கொடுப்பதில் தனக்கு ஆர்வம் இல்லை, மொத்த ஐம்பது லட்சத்தையும் தானே தந்து முழு ஸ்கூலையும் கட்டும் பாக்கியம் கிடைத்தால் சந்தோஷம் என்று பேக்கர் சொல்லி அனுப்பினார். நன்கொடை ரசீது புத்தகத்தோடு அலைந்த யாரும் இதைப் படித்துப் பெருமூச்சு விடுவார்கள்! சார்லஸ் ஆற்றுக்கு அக்கரையில், பாஸ்டன் பக்கம், 1927இல் வளாகம் திறந்தது. நூலகத்துக்கு பேக்கர் பெயர். விடுதிகளுக்கு ஹாமில்டன், காலட்டின் என்று அமெரிக்க நிதி அமைச்சர்களின் பெயர்கள். அந்தச் சமயம் பதவியில் இருந்த மெல்லன் பெயரையும் ஒன்றுக்கு வைத்துவிட்டார்கள். இந்த விஷயத்தில் ஊருக்கு ஊர் வித்தியாசமில்லை போலிருக்கிறது.

இந்தப் பழைய கோப்புகளை வெளியார் பார்க்க முடியுமா?
- ஒரு ஆய்வு மாணவி, திருச்சி

முடியும், ஆனால் வயதாக வேண்டும். உங்களுக்கில்லை, கோப்புக்கு. ஹார்வர்டில் நிர்வாகக் கோப்புகளுக்குப் பொதுவாக 50 ஆண்டு பூட்டு. மாணவர், ஊழியர் பற்றிய தனிப்பட்ட கோப்புகளுக்கு 80 ஆண்டு. மேலே சொன்ன எட்டுப் பெண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களைச் சேர்ப்பது பற்றி டீன் அலுவலகத்தில் ஓடிய கடிதங்களுக்குக் கெடு முடிந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. அவர்கள் அந்த ஆண்டு வாங்கிய மார்க்கைப் பார்க்க 2043 தாண்ட வேண்டும். நியாயமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். முடிவெடுத்தவர்கள் சீக்கிரம் வெளிச்சத்துக்கு வரட்டும், பரீட்சை எழுதியவர்களுக்குக் கொஞ்சம் அவகாசம் இருக்கட்டும்.

பிசினஸ் ஸ்கூல் ஆவணங்கள் பேக்கர் நூலகத்தின் சிறப்புத் தொகுப்பில் இருக்கின்றன. போவதற்கு முன் இணையத்தில் விவரப் பட்டியலைப் பார்த்து, பெட்டி எண்ணும் உறை எண்ணும் குறித்துக்கொள்ளுங்கள். "பெண்கள் பற்றி எல்லாம் வேண்டும்" என்று கேட்டால் எந்த ஊர் ஆவணக் காப்பாளரும் முகம் சுளிப்பார்.

அகமதாபாத் ஐ.ஐ.எம். பற்றி அங்கே தேடிப் பயனுண்டா?
- ஒரு வாசகர், மதுரை

தேடலாம். 1961இல் ஐ.ஐ.எம். தொடங்கியபோது கூட நின்றது ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல்தான். ஃபோர்டு அறக்கட்டளையும் பணம் கொடுத்தது. அறுபதுகளின் நிர்வாகக் காகிதங்களுக்கு 50 ஆண்டுக் கெடு முடிந்துவிட்டது. ஆனால் ஒரு பக்கத்துக் கோப்பை மட்டும் பார்த்துவிட்டு எழுதாதீர்கள். அங்கே 'ஆலோசனை கூறினோம்' என்று இருப்பது, இங்கே 'தகவலுக்காக மட்டும்' என்று குறிப்பெழுதி மூடப்பட்டிருக்கலாம்.