சீனக்குடாவில் விளையாட முன் அனுமதி

மூன்று நாளில் மூன்று கடலோர கோல்ப் மைதானங்களில் ஆட வேண்டும், விடுதி வழியாகப் பதிவு செய்ய முடியவில்லை என்கிறீர்கள். அந்தத் திட்டம் திருகோணமலையில் நடக்காது. இங்கே கோல்ப் விளையாடச் சீனக்குடா மைதானம்தான். ஒரே மைதானத்தில் இரண்டு காலை ஆடுங்கள். குடாக்கடல் பக்கத்திலேயே இருக்கிறது, அலுக்காது.

விடுதி வழியாகப் பதிவு செய்ய முடியாததற்குக் காரணம், மைதானம் விமானப்படைத் தளத்துக்குள் இருப்பதாக இருக்கலாம். மைதான அலுவலகத்தையே நேரடியாகக் கேளுங்கள்: வெளியாருக்கு அந்த நாளில் அனுமதி உண்டா, வாயிலில் எந்த ஆவணம் காட்ட வேண்டும்? பதில் வரும்வரை முன்பணம் கட்டாதீர்கள்.

மாலையில் கோணேசர் கோயில். பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்களைத் தாண்டித்தான் ஏற வேண்டும்; வேட்டி எடுத்துச் செல்லுங்கள். கன்னியா வெந்நீர் ஊற்றுகள் ஏழுக்கும் அதிகாலையே நல்லது.

கோல்ப் ஆடத் தெற்குக் கரையிலுள்ள அம்பாந்தோட்டையையும் சேர்க்காதீர்கள், ஒரு நாள் சாலையிலேயே போய்விடும். நவம்பர் முதல் ஜனவரி வரை இங்கே மழை.