சுவிட்சை அணைத்தும் 19 நாளா ஓடுகிறது?

கேள்வி: வெள்ளவத்தையில் சின்னதாக ஒரு கொமியூனிகேஷன் நடத்துகிறேன். கடையில் இருக்கும் விண்டோஸ் 10 கொம்பியூட்டரை ஒவ்வொரு இரவும் ஷட் டவுன் செய்து, சுவர் சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவேன். பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்ட திருத்துநர் டாஸ்க் மனேஜரைத் திறந்து காட்டினார். அதில் அப்டைம் 19 நாள் என்று இருந்தது. "மெஷின் ஒழுங்காக அணையவில்லை, மதர்போர்ட் பழுது, மாற்ற 32,000 ரூபா ஆகும்" என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். அந்த 19 நாளை வைத்து மதர்போர்டைப் பற்றி ஒன்றுமே சொல்ல முடியாது.

அப்டைம் என்றால் மெஷினுக்குள் கரண்ட் ஓடிய நேரம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. விண்டோஸின் அடிப்படைப் பகுதி கடைசியாக எப்போது புதிதாகத் தொடங்கியதோ, அன்றிலிருந்து எண்ணிய நாள்தான் அது. உங்கள் கடைக் கணக்குப் புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். இரவில் புத்தகத்தை மூடி அலுமாரிக்குள் வைக்கிறீர்கள், காலையில் அதே பக்கத்தில் தொடர்கிறீர்கள். புதுக்கணக்கு எழுதினால்தான் முதல் பக்கம்.

2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஷட் டவுனும் இப்படித்தான். நீங்கள் திறந்து வைத்தவற்றை மூடிவிடும். ஆனால் அடிப்படைப் பகுதியையும், பிரிண்டர் போன்றவற்றை இயக்கும் டிரைவர் மென்பொருள்களையும் இருந்தபடியே வன்தட்டில் ஒரு கோப்பாக எழுதி வைத்துவிட்டுத்தான் அணையும். காலையில் அதை அப்படியே நினைவகத்துக்கு ஏற்றும், சீக்கிரம் எழும்புகிறது என்று நாமும் மகிழ்வோம். இதன் பெயர் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். வன்தட்டில் எழுதியது சுவர் சுவிட்சை அணைத்தாலும் அழியாது. இடையில் எத்தனை மணி போனது என்பதை உள்ளே இருக்கும் பட்டன் பற்றரியில் ஓடும் கடிகாரம் சொல்லிவிடும். அதனால்தான் எண்ணிக்கை தொடர்கிறது.

ரீஸ்டார்ட் செய்தால் புதுக்கணக்கு. ஷட் டவுனைவிட ரீஸ்டார்ட்தான் முழுசாகத் துடைக்கிறது! எந்தப் புண்ணியவான் யோசித்ததோ. அணைப்பது என்று பெயர் வைத்துவிட்டு அரைகுறையாக அணைக்கிறார்கள், அதையும் நம்மைக் கேட்காமலே செய்கிறார்கள். நிறுத்தும் இடம் கன்ட்ரோல் பனலில் பவர் ஒப்ஷன்ஸுக்குள் இரண்டு மூன்று கதவு தாண்டி ஒளிந்திருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுனைச் சொடுக்கினால் அன்றைக்கு முழுசாக அணையும். லினக்ஸில் இந்தக் குழப்பம் இல்லை, அணைத்தால் அணைந்ததுதான்.

ஒரு விஷயத்தை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். நீங்கள் ஷட் டவுன் செய்தபிறகு கரண்ட் போவது வேறு, வேலை நடந்துகொண்டிருக்கும்போது போவது வேறு. இரண்டாவதில் எதையும் எழுதி வைக்க நேரமே கிடைக்காது, எண்ணிக்கை பூச்சியத்துக்குப் போய்விடும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடே இருண்டதே, அந்நேரம் யூபிஎஸ் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த மெஷின் எல்லாம் மறுபடி பூச்சியத்திலிருந்துதான் எண்ணத் தொடங்கியிருக்கும். அதற்காக அவை எல்லாம் புது மெஷின் ஆகிவிடுமா? பெரிய எண்ணைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை. கரண்ட் போகாமலே, நீங்கள் ரீஸ்டார்ட் செய்யாமலே எண் அடிக்கடி சின்னதாகிறது என்றால்தான் யோசிக்க வேண்டும். அப்போது விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்து காட்டும் ஈவென்ட் வியூவரில் 41, 6008 என்ற இலக்கங்கள் இருக்கிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். மெஷின் சொல்லாமல் கொள்ளாமல் நின்றதற்கான பதிவு அவை.

இதே எண்ணை மறுபக்கமாகக் காட்டி ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். பழைய லப்டொப் விற்கும் தரகர் "பாருங்கள், இரண்டு மணித்தியாலம்தான் ஓடியிருக்கிறது" என்பார். ஐந்து நிமிடத்துக்கு முன் ரீஸ்டார்ட் செய்தால் அது ஐந்து நிமிடம் என்றுதான் காட்டும். வயதைப் பார்க்க வேண்டுமென்றால் வன்தட்டு தனக்குள் பதிந்து வைத்திருக்கும் மொத்த ஓட்ட மணியைப் பார்க்க வேண்டும், அது வேறு கணக்கு.

என்றைக்காவது ஒரு பாகத்தை உண்மையிலேயே மாற்ற நேர்ந்தால், கழற்றிய பழையதைக் கையில் வாங்குங்கள், பில்லும் கேளுங்கள். "பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன்" என்ற கதைக்கு மயங்காதீர்கள். நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம்தான். கையில் துண்டுச் சீட்டுக்கூட இல்லாமல் முறையிட்டு என்ன கிடைக்கப் போகிறது?

பிரிண்டருக்கு முதலில் ஒரு ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள். 19 நாள் பழைய டிரைவர் நிலை அதில்தான் கழியும். அந்த எண்ணைக் கண்டதும் திருத்துநர் செய்திருக்க வேண்டிய வேலை அது.